மூன்று மணிக்கு எல்லாருக்கும்

— கதவைத் திறக்க வேண்டாம் மாமா. பதில் மட்டும் சொல்லுங்க. உள்ள உக்காந்திருக்கீங்களா, நின்னுட்டு இருக்கீங்களா?

— நீ எதுக்கும்மா இந்த நேரத்துல வீட்டுக்கு வந்த? லேப்ல ஆள் இல்லாம கிடக்கும். போ.

— ரத்தம் எடுக்க இன்னொரு பொண்ணு இருக்கா. நான் கேட்டதுக்குப் பதில் வரல.

— உக்காந்துதான் இருக்கேன். கட்டில்ல.

— சரி. நானும் இங்க உங்க ரூம் வாசப்படியில தரையில உக்காந்துட்டேன். செருப்பைக்கூடக் கழட்டல. உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு மாமா. மூணு நாளா வேலைக்கு வரலையாம் நீங்க. இன்னிக்குக் காலைல வந்து லிப்ட் மெஷின் ரூம் சாவி அத்தனையும் மேசைமேல வச்சுட்டுப் போயிட்டாராம் பெரியவர், உடம்பு ஏதும் சரியில்லையான்னு கேட்டாங்க. இருபத்தெட்டு வருஷமா அந்தக் கொத்தை இடுப்பை விட்டு இறக்காத மனுஷன். எடுத்த ரத்தத்துக்கு டியூப்ல பேர்கூட எழுதல, அப்படியே அவ கையில குடுத்துட்டு ஓடி வந்தேன்.

— லிப்ட் வேலை போதும்னு தோணிச்சு. முட்டி வலிக்குது. அவ்வளவுதான்.

— முட்டி வலிக்கிறவர் எதுக்கு மூணு நாளும் காலைல எட்டு மணிக்கு டூல் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினீங்க? எங்க போனீங்க?

— எங்கயோ போனேன். பஸ்ல உக்காந்திருந்தேன். நேத்துப் பூரா ஒரே பஸ்ல போயிட்டும் வந்துட்டும் இருந்தேன். கண்டக்டரே கேட்டுட்டான், அண்ணே இறங்கற இடம் மறந்துபோச்சான்னு. அப்புறம் நேரமாச்சு, பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூப்பிடப் போயிட்டேன்.

— உள்ள போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— யாரு?

— ஆபீஸ்தான்.

— ஆபீஸ்னா எடுத்துப் பேசுங்களேன்.

— வேண்டாம். கொஞ்ச நேரம் அடிச்சுட்டு நின்னுடும். அப்புறம் பத்து நிமிஷம் கழிச்சு அடிக்கும்.

— எந்த ஆபீஸ்ல மாமா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாங்க?

— இது உன்கிட்ட சொல்ற விஷயம் இல்லம்மா.

— அப்ப யார்கிட்ட சொல்ற விஷயம்? உங்க பிள்ளைகிட்டயா? கூப்பிடட்டுமா அவரை?

— வேண்டாம். அவனைக் கூப்பிடாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவனை மட்டும் கூப்பிடாத.

— கூப்பிடல, கூப்பிடல. இதோ என் போனைத் தரையில வச்சுட்டேன். சத்தம் கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— நீங்கதானே சாப்பிடும்போது கதை கதையாச் சொல்வீங்க, லிப்ட்ல மாட்டினவங்களை எப்படி வெளிய எடுக்கறதுன்னு. கதவைத் தொடறதுக்கு முன்னாடி பேசணும், விடாமப் பேசணும், நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கணும்னு. நானும் அதைத்தான் செய்யறேன். இங்கேர்ந்து நகர மாட்டேன். பேசுங்க.

— எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க வேலையில ஒருத்தன் இருக்கான். அவனுக்குத்தான் பிரச்சினை. அதை நெனச்சுத்தான் மனசு ஒரு மாதிரியா இருக்கு.

— ஒருத்தரா. சரி. எனக்குத் தெரிஞ்சவரா?

— உனக்குத் தெரியாது. என் வயசுதான் இருக்கும்னு வச்சுக்கோயேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. குடும்பம் நல்ல குடும்பம். ஒரு குறையும் கிடையாது.

— சரி, அப்புறம்?

— மெஷின் ரூம் மொட்டை மாடில இருக்கும். பதினாலு மாடிக் கட்டடம். மத்தியானம் சாப்பாட்டை முடிச்சுட்டு மோட்டார் பக்கத்துலயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து போனைப் பார்ப்பான். ஒருநாள் யாரோ ஒரு பொம்பளைகிட்டேர்ந்து மெசேஜ். நம்பர் மாறி வந்துடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு. இவன் சும்மா இருந்திருக்கலாம். பரவாயில்லம்மான்னு போட்டான். எவ்வளவு மரியாதையாப் பேசறீங்கன்னு அவ போட்டா. அவ்வளவுதான் ஆரம்பம். ரெண்டு மாசம் போச்சு. காலைல எழுந்தா குட் மார்னிங், பூ படம் போட்டு. மத்தியானம் சாப்பிட்டாச்சா. ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டா. அவன்கிட்ட நல்ல போட்டோ எங்க இருக்கு? லைசென்ஸுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு இருந்துச்சு, கண்ணை முழிச்சுட்டு நிக்கிறது. அதைப் போனால படம் பிடிச்சு அனுப்பினான். அதையும் அழகா இருக்குன்னு சொன்னா.

— வீட்ல அவரை யாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்கறதில்லையா?

— கேப்பாங்கம்மா. ஏன் கேக்காம. மருமக தங்கமான பொண்ணு. அது வேற, இது வேற. வீட்ல எல்லாரும் ஓடிட்டு இருக்காங்க, ஓடற ஓட்டத்துல கேப்பாங்க, இவனும் ஆச்சும்பான். இவ என்ன சாப்பிட்டீங்க, உப்பு சரியா இருந்துச்சா, பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு கேட்டா. பக்கத்துல யாரும் இல்லன்னு எழுதும்போதுதான் அவனுக்கே தெரிஞ்சுது, மூணு வருஷமா பக்கத்துல யாரும் இல்லன்னு. இதையெல்லாம் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும்.

— வரல மாமா. அப்புறம்?

— போன வாரம் புதன்கிழமை. வீடியோல வாங்க, முகத்தைப் பார்க்கணும்னா. இவன் கை கிரீஸை எல்லாம் தேய்ச்சுக் கழுவி, தண்ணியைத் தொட்டுத் தலையைச் சீவிக்கிட்டு உக்காந்தான். இளிச்சவாயன்.

— அவரைத் திட்டாமச் சொல்லுங்க.

— திட்டாம வேற என்ன செய்யறது? அந்தப் பக்கம் ஒரு பொண்ணு தெரிஞ்சா. இவன் பேசிட்டு இருந்தது நாப்பது அம்பது வயசுப் பொம்பளைன்னு நெனச்சு. இதுக்கு முப்பதுதான் இருக்கும். அப்பவாவது போனை வச்சிருக்கணும். பேசல அவ, சிரிச்சா. அப்புறம் துணியை... நான் எப்படிம்மா இதை உன்கிட்ட உக்காந்து...

— நீங்க அவரைப் பத்தித்தானே சொல்றீங்க. சொல்ல முடிஞ்ச வரைக்கும் சொல்லுங்க. மத்தது எனக்குப் புரியும்.

— நீங்களும்னா. எழுதிக் காட்டினா. அவன் செஞ்சான். ரூம் கதவு சாத்தித்தான் இருந்துச்சு. மோட்டார் ஓடற சத்தம். ஒரு நிமிஷம்கூட இருக்காதும்மா. டக்குனு அவ போயிட்டா. திரையில இவன் மூஞ்சியே தெரியுது. இப்ப இவன் செஞ்சதே திரும்ப ஓடுது. கீழ ஒரு லிஸ்ட் வருது. பிள்ளை பேரு, மருமக பேரு, அந்தக் கட்டடத்து செக்ரட்டரி, பேத்தியோட கிளாஸ் டீச்சர் நம்பர்கூட இருந்துச்சு. எங்கேர்ந்து எடுத்தாங்களோ. இத்தனை வருஷ வேலையில கயிறு அறுந்து விழுந்த ஒரு லிப்டைக்கூட அவன் பார்த்ததில்ல. அறுந்தா உள்ள இருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது.

— அதுக்கப்புறம் பேசினது ஆம்பளைக் குரலா?

— உனக்கெப்படித் தெரியும்?

— இப்படித்தான் நடக்குமாம். கேள்விப்பட்டேன். நீங்க சொல்லுங்க.

— ஒருத்தன் போலீஸ்னான். இன்னொருத்தன், அந்தப் பொண்ணு செத்துப்போச்சு, உன் பேரை எழுதி வச்சுட்டுச் செத்துப்போச்சுன்னான். பணத்தை அனுப்புன்னான். அனுப்பினான். அனுப்பினா நின்னுடும்னு நெனச்சான். அனுப்ப அனுப்பத்தான் ஜாஸ்தியாச்சு. சேர்த்து வச்சது எல்லாம் போயிடுச்சு, இனிமே அனுப்ப ஒண்ணும் இல்ல. காலைல கடைசியா ஒரு மெசேஜ் வந்துச்சு. மூணு மணி வரைக்கும்தான் டைம், மூணு மணிக்கு எல்லாருக்கும் போயிடும்னு. இப்ப மணி என்னம்மா?

— ரெண்டு நாப்பது.

— இருபது நிமிஷம் இருக்கு.

— மாமா, நேரா ஒண்ணு கேக்கறேன். அந்த மனுஷன் செத்துப்போகலாம்னு நெனைக்கிறாரா?

— என்னம்மா கேள்வி இது.

— ஊசி போடறவ நான். மெதுவா மெதுவாக் குத்தினாத்தான் ஜாஸ்தி வலிக்கும். நேரா கேட்டுட்டேன், நேரா சொல்லுங்க.

— நெனைச்சான். காலைல. சாவியைக் குடுத்துட்டுப் படி இறங்கும்போது.

— இப்ப?

— இப்ப தெரியல. இப்ப பயம்தான் இருக்கு. வேற ஒண்ணும் ஓடல.

— அவர் இருக்கற ரூம்ல டூல் பை இருக்குல்ல?

— இருக்கு.

— அதை எடுத்து பால்கனிக் கதவைத் திறந்து வெளிய வைக்கச் சொல்லுங்க. வச்சுட்டு அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.

— வச்சாச்சு.

— சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நல்லது மாமா.

— அது என்ன, யாரோ பெல் அடிக்கறாங்க. யாரும்மா அது? போலீஸா? வீட்டுக்கே வந்துட்டாங்களா?

— இருங்க இருங்க. எழுந்திருக்கல நான், இங்கேர்ந்தே ஜன்னல்ல தெரியுது. தண்ணி மீட்டர் பார்க்கற ஆள். கையில அந்தப் பச்சைப் புக்கு. அவர் மீட்டரைப் பார்த்து எழுதிட்டு அவர்பாட்டுக்குப் போவார். மூச்சை விடுங்க. இங்க வரைக்கும் கேக்குது நீங்க மூச்சை இழுக்கறது.

— போயிட்டானா?

— போயிட்டார். கேட்டைக்கூடச் சாத்தல. மாமா, அந்த மனுஷன் இதை ஏன் போலீஸ்ல சொல்லல?

— என்னன்னு சொல்றது? நீயே சொல்லு, என்னன்னு எழுதுவ? ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை. அவனை ஒருத்தரும் தொடல. கட்டிப்போடல. கத்தியைக் காட்டல. அவனே தலையைச் சீவிக்கிட்டுப் போய் உக்காந்தான், அவனே செஞ்சான். இதுக்கு என்ன பேரு? போய்ச் சொன்னா அங்க இருக்கறவன் டீ குடிச்சுக்கிட்டே நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பான்.

— பேரு இருக்கு மாமா. இணையத்துல நடக்கற பாலியல் கொடுமை. அப்படித்தான் சொல்றாங்க, அப்படித்தான் எழுதறாங்க.

— அது பொம்பளைப் பிள்ளைங்களுக்கு நடக்கறது.

— நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். கை பட்டாத்தான் கொடுமை, பொண்ணா இருந்தாத்தான் கொடுமைன்னு. அப்படி இல்லையாம். பொய் சொல்லி ஒருத்தரை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தறது, அவருக்குத் தெரியாமப் படம் பிடிக்கறது, அதை வச்சு மிரட்டறது, ஊருக்குக் காட்டுவேன்னு சொல்றது. இதுல எந்த ஒண்ணு நடந்தாலும் அதுக்கு அந்தப் பேருதான். வயசு இல்ல, ஆம்பளை பொம்பளை இல்ல. அந்த மனுஷன் எதுக்குச் சரின்னார்? ஒரு பொம்பளையோட முகம் பார்த்துப் பேச. அதுக்கு மேல நடந்ததுக்கும் சரின்னார்னே வச்சுக்குவோம், ரெண்டு பேர் கதவைச் சாத்திட்டு இருக்கறதுக்குத்தானே சரின்னார்? என்னைப் படம் பிடிச்சு என் மருமகளுக்கு அனுப்புன்னா சொன்னார்?

— இல்ல.

— அப்ப அது யார் செஞ்சது?

— ஆனா அசிங்கம் அவனோடதுதானேம்மா.

— வெட்கமா இருக்கும். இருக்கட்டும், அது அவர் பாடு, ரெண்டு மாசத்துல ஆறும். குற்றம் அவங்களோடது. அவர் ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு தலையில தூக்கி வச்சுட்டு பஸ் பஸ்ஸா அலையறார்.

— இதெல்லாம் நீ யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட? எப்ப கேட்ட?

— எங்க லேப்ல ஒருத்தி. அவளுக்கு வேண்டிய ஒருத்தருக்காகக் கேட்டேன். இந்த மாதிரி விஷயத்துக்குன்னே ஒரு நம்பர் இருக்கு. பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டுக் கூப்பிட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. நான் தத்துப்பித்துன்னு உளறினேன். அவங்க பேரைக் கேக்கல, என்ன படம்னு கேக்கல. அவர் இப்ப பத்திரமா இருக்காரா, கூட யாராவது இருக்காங்களான்னுதான் முதல்ல கேட்டாங்க. அப்புறம் ஒண்ணொண்ணாச் சொன்னாங்க. இனிமே ஒண்ணும் அனுப்பக் கூடாது, குடுத்தா விடமாட்டாங்க, இன்னும் இருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க. பதில் போடக் கூடாது. ஆனா வந்த மெசேஜ் எதையும் அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி. அந்தப் படம் வெளிய பரவாமத் தடுக்கறதுக்கு வழி இருக்கு, புகாரை நாங்களே கூட உக்காந்து எழுதித் தர்றோம், வாங்கன்னாங்க. சொல்லிட்டுக் கடைசியா, அவரைத் திட்டிடாதீங்க, அவர் வாயால சொல்ற வரைக்கும் விட்டுடாமப் பக்கத்துல இருங்கன்னாங்க.

— அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?

— தெரியாத நம்பர்லேர்ந்து அவளுக்கு ஒரு வீடியோ வந்துச்சு. அவளுக்கு ரொம்ப வேண்டிய ஒரு பெரிய மனுஷரோடது.

— ஐயோ. பார்த்தாளா?

— முகம் தெரிஞ்சதும் மூடிட்டா. அன்னிக்கு ஒருத்தருக்கு ரத்தம் எடுக்க மூணு இடத்துல குத்தினா, நரம்பு கிடைக்கல.

— அந்த ஆளைக் காறித் துப்பியிருப்பா.

— உங்ககிட்ட மறைக்க என்ன. முதல்ல கோவம்தான் வந்துச்சு. இந்த வயசுல இது தேவையான்னு. அவர் குரலைக் கேக்கவே பிடிக்கல ஒரு நாள் பூரா. மறுநாள் அவர் சாப்பிடறதைப் பார்த்தா. சோத்தைப் பிசைஞ்சுட்டே இருக்கார், வாய்க்குப் போகல. போன் ஒரு தடவை அதிர்ந்துது, கையில இருந்த தண்ணி மேல கொட்டிக்கிட்டார். அப்பத்தான் கோவம் போய் அவளுக்குப் பயம் வந்துச்சு. கண்ணு முன்னாடி ஒருத்தரை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டு இருக்காங்கன்னு.

— நேரா கேட்டிருக்கலாமே அவர்கிட்ட.

— கேக்கத்தான் நெனச்சா. வாய் வரைக்கும் வரும். தனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவர் ஏதாவது பண்ணிப்பாரோன்னு பயந்துட்டா. அவரா சொல்லட்டும், அவரா சொல்லட்டும்னு இருந்துட்டா. தப்புப் பண்ணிட்டோமோன்னு இப்ப அடிச்சுக்குது அவளுக்கு.

— பாவம். மணி என்ன ஆச்சு?

— ரெண்டு அம்பத்து நாலு.

— மேல் தாழ்ப்பாளை எடுத்துட்டேன். கீழ்த் தாழ்ப்பாள் இருக்கு. அது கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா.

— இருக்கட்டும். அவசரம் இல்ல.

— திரும்ப அடிக்குது. பாரு, விடாம அடிக்குது.

— போனைத் தலையணைக்கு அடியில வச்சுட்டு இந்தப் பக்கம் கதவுகிட்ட வந்து உக்காருங்க. என் குரல் கேக்கட்டும், அது கேக்க வேண்டாம்.

— வந்துட்டேன். அம்மாடி, என்னால முடியலம்மா. முகத்தை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்.

— நான்னு சொல்லிட்டீங்க.

— சொல்லிட்டேன். உனக்கு முதல்லயே தெரியும்தானே, அந்த ஒருத்தன் யாருன்னு.

— தெரியும் மாமா.

— தெரிஞ்சுக்கிட்டே அவர் இவர்னு பேசிட்டு இருந்த.

— உங்களுக்கு அப்படிச் சொல்ல வந்துச்சு. நானும் அப்படியே பேசினேன்.

— மத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்த செக்ரட்டரி சிரிப்பான், சிரிச்சுட்டுப் போகட்டும். பிள்ளை கொஞ்ச நாள் முகம் குடுத்துப் பேசமாட்டான், அப்புறம் பேசுவான், அவனும் ஆம்பளைதான். உயிர் போறது எங்கன்னா உன்னை நெனச்சுத்தான். இன்னும் ரெண்டு நிமிஷத்துல தரையில வச்சிருக்கியே அந்தப் போனு, அதுக்கு வந்துடும். நீ பார்த்துடுவ. பார்த்துட்டுப் பாப்பாவை என்கிட்டேர்ந்து தள்ளி வச்சிடுவ. சண்டை போடமாட்ட, அது உன் குணம் இல்ல. தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, ஆட்டோ வச்சுக்கலாம்னு ஏதாவது ஒண்ணு சொல்லி நிறுத்திடுவ. ஸ்கூல் வாசல்ல அவ என்னைத் தேடுவா. உன்மேல தப்புச் சொல்ல மாட்டேன், எந்தத் தாயும் அதைத்தான் செய்வா. அந்த ஒண்ணை மட்டும் நான் இருந்து பார்க்க வேண்டாம்னுதான்...

— மாமா.

— பொய் சொல்லாமச் சொல்லு. அதைப் பார்த்த அப்புறம் என் பேத்தியை என்கூட அனுப்புவியா? சொல்லும்மா. மூணு அடிச்சிடுச்சு.

— லேப்ல அப்படி ஒருத்தி இல்ல மாமா, எனக்கு அது திங்கக்கிழமை மத்தியானமே வந்துடுச்சு. அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து நேத்து வரைக்கும் நாலு நாளும் பாப்பாவைக் கூட்டிட்டு வர நான் உங்களைத்தான் அனுப்பினேன்.